செம்மண் புழுதியும் பழைய உழவு இயந்திரமும்

கேள்வி: தந்தையார் விட்டுச்சென்ற பழைய மாசி பெர்குசன் 35 உழவு இயந்திரத்தை ஓட்டத் தொடங்கியுள்ளேன். எதைக் கவனிக்க வேண்டும்? (வாசகர், கோப்பாய்)

பதில்: முதலில் காற்று வடிகட்டியைப் பாருங்கள். அதன் அடியிலுள்ள ஒயில் கிண்ணத்தைக் கழற்றி விரலால் தொடும்போது செம்மண் சேறாக ஒட்டினால், பழைய ஒயிலை அகற்றி, கிண்ணத்தை டீசலால் கழுவித் துடைத்து, குறியிட்ட மட்டம் வரை மட்டும் புதிய ஒயில் ஊற்றுங்கள். கூடினால் அது இயந்திரத்தினுள் இழுபட்டுவிடும். யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதிச் செம்மண் புழுதியில் உழும் நாட்களில் இதைத் தினமும் செய்வது நல்லது.

இயந்திர ஒயிலின் அளவைக் காலையில், இயக்குமுன், சமதரையில் நிறுத்திப் பார்க்க வேண்டும். அது பால்தேநீர் போல வெளிறியிருந்தால் தண்ணீர் கலந்துள்ளது. அன்று இயக்கவே வேண்டாம். நமது கிணற்று நீரில் சுண்ணாம்பு அதிகமாதலால், ரேடியேற்றருக்குச் சேமித்த மழைநீரையே ஊற்றுங்கள் என வற்புறுத்திச் சொல்வேன்.