சுழியோடிய அன்றே மலை ஏறலாமா?

கேள்வி: ஓகஸ்டில் கனடாவில் இருந்து மச்சான்மார் வருகிறார்கள். இரண்டு பேரிடம் ‘ஓப்பன் வாட்டர்’ சுழியோடி அட்டை இருக்கிறது. காலையில் கடலில் மூழ்கிக் கிடக்கும் ஹெர்மிஸ் கப்பலில் சுழியோடிவிட்டு, பின்னேரமே வான் வண்டியில் நுவரெலியாவுக்குப் போய்க் கூடாரம் அடிக்கலாம், எல்லாம் சேர்த்து ஒரே விலை என்கிறார் ஒருவர். நம்பிப் போகலாமா? (களுவாஞ்சிக்குடி வாசகர்)

பதில்: போக வேண்டாம். அந்தத் திட்டத்தில் இரண்டு பிழைகள் இருக்கின்றன. இரண்டுமே உயிருக்கு ஆபத்தானவை.

முதலில் கப்பல். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹெர்மிஸ், மட்டக்களப்புக் கடலில் 50 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. உங்கள் மச்சான்மாரின் அட்டை 18 மீட்டருக்கு உரியது. அடுத்த நிலை அட்டை இருந்தாலும் 30 மீட்டர்தான். 50 மீட்டரில் அழுத்தம் தரையில் இருப்பதைப் போல் ஆறு மடங்கு. அதனால் சிலிண்டர் காற்றும் ஆறு மடங்கு வேகத்தில் தீரும், தலையும் மது குடித்தவருக்குப் போல மந்தமாகும். அது தனிப் பயிற்சி பெற்றவர்களுக்கான இடம். அதே நாளில் மூழ்கிய பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற எண்ணெய்க் கப்பல் ஏறத்தாழ 25 மீட்டரில் இருக்கிறது. அதற்கும் அடுத்த நிலை அட்டை வேண்டும். பாசிக்குடாப் பக்கத்துப் பவளப்பாறைகளே இவர்களுக்குப் போதும்.

அட்டையைக் கேட்காமலே ஹெர்மிஸுக்குக் கூட்டிப்போகிறேன் என்று ஒருவர் சொன்னால், அவர் சுழியோடி இல்லை, தரகர். வாடகைக்கு எடுத்த உபகரணத்தையும், யாரிடமோ கூலிக்குப் பிடித்த படகையும் வைத்து முற்பணம் வாங்கிவிடுவார்கள். கடலில் ஏதும் நடந்தால் தொலைபேசியை எடுக்க மாட்டார்கள். இவர்களைப் பிடித்து விசாரிக்க வேண்டிய அலுவலகங்களுக்கு நானும் எழுதிக் களைத்துவிட்டேன். ஒரு திணைக்களம் மற்றதைக் கை காட்டும், மற்றது பிரதேச செயலகத்தைக் கை காட்டும். ஆகவே சோதனையை நீங்களே செய்யுங்கள். தண்ணீரில் கூட வரப்போகிற ஆளின் அட்டையைக் கேளுங்கள். சிலிண்டரைத் திறந்து மணந்து பாருங்கள்: எண்ணெய், புகை வாடை இருந்தால் அந்தக் காற்றைத் தொடாதீர்கள். சிலிண்டரின் மூச்சுக்குழாயை வாயில் வைத்து நாலு தரம் மூச்சு இழுக்கும்போது அழுத்தமானியைக் கவனியுங்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் முள் விழுந்து எழும்பினால் வால்வு முழுதாகத் திறக்கவில்லை. இறங்கும்போது அது 200 ‘பார்’ (அழுத்த அலகு) காட்ட வேண்டும். படகில் ஒட்சிசன் போத்தல் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள், “கிடக்கு” என்ற வாய்ப்பேச்சு போதாது.

இரண்டாவது, மலை. ஆழத்தில் சுவாசிக்கும் காற்றின் நைதரசன் உடம்பில் கரைந்துவிடுகிறது. அது மெதுவாகத்தான் வெளியேறும். அதற்கு முன் உயரத்துக்குப் போனால் குமிழிகளாகி மூட்டிலும் நரம்பிலும் தங்கும். சுழியோடியதும் விமானம் ஏறக் கூடாது என்பது மச்சான்மாருக்குத் தெரிந்திருக்கும். பறக்கும் விமானத்துக்குள் இருக்கும் அழுத்தம், 1,800 முதல் 2,400 மீட்டர் வரையான மலையில் இருப்பதற்குச் சமம். நுவரெலியா 1,868 மீட்டர். செங்கலடி–பதுளை வீதியால் வான் வண்டியில் ஏறினாலும் உடம்புக்கு அது விமானம்தான். கடைசிச் சுழியோடலுக்குப் பிறகு மலைக்கும் விமானத்துக்கும் 24 மணி நேரம் விடுங்கள்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. எல்லோரும் இதைக் குழப்பிக்கொள்வதால் விரிவாகச் சொல்கிறேன். குழாய் வைத்து மேலே மிதந்தபடி மீன் பார்ப்பவர்கள் சிலிண்டர் காற்றைச் சுவாசிப்பதில்லை. அவர்கள் அன்றைக்கே மலை ஏறலாம். பிள்ளைகள் பாசிக்குடாவில் அப்படி நீந்தினால் பயமில்லை. ஆனால் “சும்மா ஆறு மீட்டர், அட்டை தேவையில்லை” என்று பயிற்றுநர் கையைப் பிடித்து இறக்கியவர் இதில் சேர மாட்டார். அவர் சுவாசித்தது சிலிண்டர் காற்று. ஆறு மீட்டர்தான் என்றாலும் அவரும் காத்திருக்க வேண்டும். குடும்பத்தில் ஒருவர் அப்படி இறங்கியிருந்தாலும் வான் மறுநாள்தான் புறப்பட வேண்டும்.

அப்படியானால் திட்டத்தைத் திருப்பிப் போடுங்கள். நுவரெலியா முதலில், பிறகு இறங்கி வந்து கடல். கூடாரத்தில் தூங்காத இரவுக்கு மறுநாள் காலையே தண்ணீரில் இறங்காமல், ஒரு இரவு வீட்டில் நன்றாகத் தூங்கட்டும். மலை இல்லாமலும் முடியும்: சுழியோடிவிட்டுக் கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் வழியாகக் குமண தேசியப் பூங்காப் பக்கம் போனால் முழுதும் கரையோரத் தாழ்நிலம். கல்லோயா பூங்காப் பக்கமும் தாழ்நிலம்தான். பூங்காவுக்குள் கூடாரம் அடிக்க வனசீவராசிகள் திணைக்களத்திடம் நேரே முன்பதிவு செய்யுங்கள். அனுமதி எடுத்துத் தருகிறேன் என்பவருக்குக் காசு கொடுக்காதீர்கள். அனுமதி இல்லாமல் காட்டோரம் படுத்தால் யானைக்கு உங்கள் ரசீது தெரியாது.

சுழியோடிய ஒரு நாளைக்குள் மூட்டு வலி, விறைப்பு, தோலில் தடிப்பு, காரணமில்லாத களைப்பு ஏதும் வந்தால், சுளுக்கு என்று சித்தாலேப தைலம் பூசிக்கொண்டு படுக்க வைக்காதீர்கள். படுத்த நிலையில் ஒட்சிசன் கொடுத்து, 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள். வைத்தியரிடம் முதல் வார்த்தையாக, சுழியோடியவர் என்பதையும் எத்தனை மீட்டர், எத்தனை மணிக்கு என்பதையும் சொல்லுங்கள். அவராகக் கேட்பார் என்று காத்திருக்க வேண்டாம்.