புதுப் பந்து கையில் வழுக்கினால்

கேள்வி: அமெரிக்காவில் என் மகனின் பள்ளி அமெரிக்க ஃபுட்பால் (கையால் எறிந்து ஆடும் நீள்வட்டப் பந்து) அணிக்குப் பந்து தயார் செய்யும் பொறுப்பு எனக்கு. புதுத் தோல் பந்து வழுக்குகிறது. என்.எஃப்.எல். (அமெரிக்கத் தொழில்முறை ஃபுட்பால் லீக்) அணிகள் என்ன செய்கின்றன? இதையெல்லாம் லீக் தடுக்க வேண்டாமா?

பதில்: கடையிலிருந்து வரும் பந்தின் மேல் மெழுகு போன்ற ஒரு பூச்சு இருக்கும். என்.எஃப்.எல். அணிகளும் முதலில் எடுப்பது அதைத்தான். துணியை நனைத்து, நன்றாகப் பிழிந்து துடையுங்கள். ஈரம் பட்டால் போதும். ஊறினால் தோல் உப்பி எடை கூடும் (விதிப்படி 14 முதல் 15 அவுன்ஸ்). ஈரம் இருக்கும்போதே கெட்டியான பிரஷ்ஷால் தேயுங்கள். லேஸின் இரு பக்கமும், விரல் பதியும் இடத்தில், நிறம் சற்றுக் கருக்கும்வரை தேய்க்க வேண்டும். உப்புத்தாள் வேண்டவே வேண்டாம். பிடிப்புத் தரும் குருணைகளையே அது சீவிவிடும். பள்ளிப் பந்தின் வெள்ளைப் பட்டையிலும் கை வைக்காதீர்கள். இரவு நிழலில் காயட்டும். வெயிலில் வைத்தால் தோல் விறைத்துவிடும். மறுநாள் இந்தப் பந்துக்கென்றே விற்கும் பதப்படுத்தும் கட்டியை மெல்லிசாகத் தடவி மறுபடி பிரஷ் போடுங்கள். இரண்டு மூன்று தடவை செய்தபின் பயிற்சியில் எறிந்து பழக்கலாம். கட்டியை அப்பிவிட்டால் புழுதி ஒட்டும்.

காற்றைக் கடைசியில் பாருங்கள். தேய்த்த சூட்டில் அழுத்தம் கூடுதலாகக் காட்டும். ஊசியை ஈரப்படுத்தாமல் குத்தினால் வால்வு கிழியும். அனுமதி 12.5 முதல் 13.5 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அலகு). 21 டிகிரி செல்சியஸ் அறையில் 12.5 வைத்த பந்து, 9 டிகிரி மைதானத்தில் யாரும் தொடாமலே சுமார் 11.4-க்கு இறங்கிவிடும். குளிர்காலத்தில் 13.4 வையுங்கள்.

2015 ஜனவரியில் பேட்ரியாட்ஸ்–கோல்ட்ஸ் என்.எஃப்.எல். ஆட்டத்தில், பேட்ரியாட்ஸ் தன் பந்துகளில் வேண்டுமென்றே காற்றைக் குறைத்தது என்ற புகாரால் வெடித்த 'டிஃப்ளேட்கேட்' சண்டையின் பாதி இந்தக் கணக்குதான். ஆட்டத்துக்கு முன் எடுத்த அழுத்தத்தை யாரும் எழுதிவைக்கவில்லை. இடைவேளையில் அளந்த இரண்டு கேஜ்களும் ஒத்துப்போகவில்லை. ஆனாலும் பேட்ரியாட்ஸின் குவாட்டர்பேக் (பந்தை எறியும் முக்கிய வீரர்) டாம் பிரேடிக்கு 4 ஆட்டத் தடை, அணிக்கு 10 லட்சம் டாலர் அபராதம். அதற்குப் பிறகுதான் பந்துகளுக்கு எண் போட்டு அழுத்தத்தைப் பதியும் முறை வந்தது.

அளக்க முடிந்ததை லீக் கட்டுப்படுத்தட்டும்: அழுத்தம், எடை, சுற்றளவு. ஒட்டும் பசை எதுவும் கூடாது. தேய்ப்பதை அணியிடமே விடலாம். 2006-க்கு முன் உள்ளூர் அணிதான் எல்லாப் பந்தையும் தந்தது. பிரேடியும் இன்னொரு குவாட்டர்பேக்கான பேட்டன் மேனிங்கும் முன்னின்று கேட்டதால் இன்று இரு அணிகளும் தத்தம் பந்துகளைக் கொண்டுவருகின்றன. ஒரு தரப்புக்கும் அதில் அநியாயமில்லை. உதைப்பதற்கான 'கே-பால்' 1999 முதல் கடும் கட்டுப்பாட்டில் இருந்தது. 2025-இல் அதையும் அணிகள் முன்கூட்டியே பழக்க லீக் இடம்கொடுத்துவிட்டது.

நீங்கள் ஒரே கேஜை மட்டும் பயன்படுத்துங்கள். பந்து எண், அழுத்தம், அறை வெப்பம் மூன்றையும் ஒரு தாளில் குறித்து நடுவரிடம் கொடுங்கள்.