ஒன்பது வருடம் தள்ளிப்போட்ட நீச்சல்

"ஆசைப்பட்டு ஒன்றை முடிவு செய்கிறேன், ஆனால் தொடங்காமலே மாதங்கள் ஓடிவிடுகின்றன. இந்தத் தள்ளிப்போடும் பழக்கத்திலிருந்து மீண்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா?" என்று கேட்டிருக்கிறீர்கள். முழுக்க மீண்டுவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்பது வருடம் தள்ளிப்போட்ட ஒன்றைச் செய்து முடித்திருக்கிறேன். அது எப்படி நடந்தது என்று எழுதுகிறேன், உங்களுக்குப் பயன்படலாம்.

எனக்கு அப்போது நீச்சல் தெரியாது. சிங்கப்பூரில் 2014-இல் ஆக்டிவ்எஸ்ஜி என்ற அரசாங்க விளையாட்டு உறுப்பினர் திட்டம் தொடங்கியபோது, சேர்ந்தவர்களின் கணக்கில் 100 வெள்ளி (டாலர்) போட்டார்கள். இதை வைத்து நீச்சல் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். அதோடு சரி. மகள் கைக்குழந்தை, ஆபீசில் வருடக் கணக்கு முடிக்கும் சமயம், ஆண்டு இறுதி மழை என்று ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் இருந்தது. எல்லாமே உண்மையான காரணங்கள். அதனால்தான் நான் தள்ளிப்போடுகிறேன் என்றே எனக்குத் தோன்றவில்லை.

மகள் தொடக்கநிலை மூன்றில் பள்ளியின் ஸ்விம்சேஃபர் வகுப்பில் நீந்தக் கற்றுக்கொண்டாள். அந்த ஜூன் விடுமுறையில் சொந்தக்காரர் ஒருவரின் கொண்டோவுக்கு, அதாவது நீச்சல் குளம் உள்ள தனியார் அடுக்குமாடிக்கு, போயிருந்தோம். குளத்தின் ஆழமான பக்கத்திலிருந்து, "அம்மா, நீங்களும் வாங்க" என்று கூப்பிட்டாள். நான் துண்டை மடியில் வைத்துக்கொண்டு கரையில் உட்கார்ந்திருந்தேன். "அம்மாவுக்குத் தலைவலி" என்றேன். தலைவலி ஒன்றும் இல்லை. குழந்தையிடம் சொன்ன அந்தப் பொய்தான் அன்று இரவு என்னைத் தூங்கவிடவில்லை.

படுக்கையில் புரண்டுகொண்டே, எதைக் கண்டு பின்வாங்குகிறேன் என்று முதல்முறையாக யோசித்துப் பார்த்தேன். நேரமா? ஞாயிறு காலை தேக்கா சந்தையில் இரண்டு மணி நேரம் சுற்ற எனக்கு நேரம் இருக்கிறது. பணமும் இல்லை. தண்ணீர்கூட அவ்வளவு பயமில்லை. உடை மாற்றும் அறைக் கதவிலிருந்து குளத்தின் விளிம்பு வரை இருபது அடி இருக்கும். நீச்சலுடையில் அந்த இருபது அடியை நாலு பேர் முன்னால் நடக்க வேண்டுமே, அதுதான். கல்லூரிக் காலத்தில் தோழிகளோடு ஒருமுறை குளத்துக்குப் போய், உடை மாற்றிக்கொண்ட பிறகும் அறையைவிட்டு வெளியே வராமல் திரும்பியிருக்கிறேன். அதை மறந்தே போயிருந்தேன்.

இதைக் கண்டுபிடித்ததுதான் எனக்குத் திருப்பம். அதுவரை என்னைச் சோம்பேறி என்று திட்டிக்கொண்டிருந்தேன். ஆனால் வள்ளுவர் மடியின்மை அதிகாரத்தில் கெட்டுப்போகிறவர்கள் விரும்பி ஏறும் கலம் என்று நான்கைச் சொல்லும்போது, நெடுநீர் வேறு, மடி வேறு என்றுதான் பிரித்து வைக்கிறார். காலம் நீட்டுவதும் சோம்பலும் ஒன்றல்ல. ஃபியூஷியா சிரோய், டிமதி பிச்சில் என்ற உளவியலாளர்கள் 2013-இல் எழுதிய கட்டுரையும் கிட்டத்தட்ட இங்கேதான் வருகிறது. ஒரு வேலையை நினைத்தாலே வரும் சங்கடத்திலிருந்து அந்த நேரத்துக்குத் தப்பிக்கத்தான் நாம் தள்ளிப்போடுகிறோம் என்கிறார்கள். அப்படியென்றால் நான் சரிசெய்ய வேண்டியது அந்தச் சங்கடத்தைத்தான். விடியற்காலை ஐந்து மணிக்கு அலாரம் வைத்து என்ன பயன்?

மறுவாரம் முழுக்கையும் கணுக்கால் வரை காலும் உள்ள நீச்சலுடை ஒன்று வாங்கினேன். இங்கே பொதுக் குளங்களில் மலாய்ப் பெண்கள் பலர் அணிவது. பாதிப் பயம் அங்கேயே தீர்ந்தது. வியாழக்கிழமை இரவு எட்டு மணியைத் தேர்ந்தெடுத்தேன், கூட்டம் குறைவு. முதல் நாள் நீந்துவதாகவே திட்டம் இல்லை. அந்த இருபது அடி நடந்து, விளிம்பில் உட்கார்ந்து, காலைத் தண்ணீரில் விட்டுப் பத்து நிமிடம் இருந்துவிட்டு வந்துவிட வேண்டும். அவ்வளவுதான். நடந்தேன். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. பக்கத்துத் தடத்தில் எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு சீன ஆன்ட்டி, தலையை வெளியே நீட்டிக்கொண்டு ஆமை மாதிரி நிதானமாகப் போய்ப்போய் வந்துகொண்டிருந்தார். அவரையே பார்த்துக்கொண்டிருந்ததில் பத்து நிமிடம் அரைமணி ஆகிவிட்டது.

அப்புறம்தான் பெரியவர்களுக்கான வகுப்பில் சேர்ந்தேன். முதல் மூன்று வாரம் முகத்தை நீருக்குள் வைத்து மூச்சை விடுவது மட்டுமே. காற்றை அடக்கிக்கொண்டு குனிந்தால் உடம்பு பலகை மாதிரி விறைத்துவிடுகிறது. மூக்கு வழியாக மெல்ல விட்டால், காதருகே குமிழ்கள் குடுகுடுவென்று ஓடும் சத்தத்தில் தோள் தானாகத் தளர்கிறது. அந்தச் சத்தம் எனக்கு இன்றும் பிடிக்கும்.

தொடங்கியதும் எல்லாம் சரியாகிவிடவில்லை. சிங்கப்பூரில் மின்னல் எச்சரிக்கை வந்துவிட்டால் குளத்தில் இருக்கும் எல்லாரையும் மேலே ஏற்றிவிடுவார்கள். இரண்டு தடவை அப்படி ஆனதும் நேராக வீட்டுக்கு வந்துவிட்டேன். அடுத்த வியாழன் வானம் கொஞ்சம் இருட்டியதுமே, போக வேண்டாம் என்று மனம் சொல்லத் தொடங்கியது. பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் சொல்லும் ஒரு வழி இங்கே கைகொடுத்தது. 'இப்படி நடந்தால் இதைச் செய்வேன்' என்று முன்கூட்டியே முடிவு செய்து வைப்பது. நான் எழுதி வைத்தது இது: மின்னல் எச்சரிக்கை வந்தால் கூரைக்கு அடியில் முப்பது நிமிடம் காத்திருப்பேன், அதற்குப் பிறகும் நீங்காவிட்டால்தான் கிளம்புவேன். இதில் நல்லது என்னவென்றால், அந்த நேரத்தில் மனத்தோடு வாதாட வேண்டியதில்லை.

இன்னொரு உதவி எங்கள் புளோக்கில் ஏழாம் மாடியில் இருக்கும் அக்கா. அவருக்கு நீச்சலில் ஆர்வம் இல்லை, மூட்டுவலிக்காகத் தண்ணீரில் நடக்கச் சொல்லியிருந்தார்கள். வியாழன் ஏழரைக்குக் கீழ்த்தளத்தில் பையோடு நிற்பார். "என்னம்மா, வர்றியா?" என்று ஒரு செய்தி அனுப்புவார். வயதில் மூத்தவர் கீழே காத்துக்கொண்டிருக்கும்போது, இன்று முடியாது என்று எழுத எனக்குக் கை வராது.

தீபாவளியை ஒட்டி மூன்று வாரம் விட்டுப்போனது. முன்பு என்றால் அதோடு முடிந்திருக்கும். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரிடம் நடத்திய ஆய்வைப் பற்றி அப்போது படித்தேன். ஒரு செயல் தானாக நடக்கும் பழக்கமாவதற்குச் சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இடையில் ஒரு நாள் தவறுவது பெரிய பாதிப்பை ஏற்படுத்தவில்லை என்றும் சொல்கிறார்கள். நான் விட்டது ஒரு நாளைவிட அதிகம்தான். இருந்தாலும் அது எனக்குத் தைரியம் கொடுத்தது. நாலாவது வாரம் போனேன், முதல் நாள் போலக் காலை மட்டும் நனைத்துவிட்டு வந்தேன். அடுத்த வாரம் நீந்தினேன். விட்டதை ஒரே நாளில் பிடிக்க நினைக்காமல் இருந்தது நல்லதாகப் போயிற்று.

ஏழு மாதம் கழித்து 50 மீட்டர் குளத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நிற்காமல் போனேன். மகள் கரையில் கூடவே நடந்து வந்தாள்.

உங்கள் காரியம் என்னவென்று நீங்கள் எழுதவில்லை, அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொன்றிலும் ஒளிந்திருக்கும் சங்கடம் வேறு வேறு. மசேநி (மத்திய சேம நிதி, சம்பளத்திலிருந்து சேரும் ஓய்வுக்காலச் சேமிப்பு) பணத்துக்கு வாரிசு நியமனம் செய்வதையும் நான் பல வருடம் தள்ளிப்போட்டேன். கல்யாணத்துக்கு முன் அம்மா பெயரில் எழுதியிருந்தேன். கல்யாணம் ஆனால் பழைய நியமனம் செல்லாது, உயில் எழுதினாலும் மசேநி பணம் அதில் சேராது. இதெல்லாம் எனக்குத் தெரியும், தெரிந்தும் செய்யவில்லை. அங்கே வெட்கம் இல்லை. நான் இல்லாத வீட்டை நினைத்துப் பார்க்க முடியவில்லை. அதற்கு முழுக்கை நீச்சலுடை உதவாதே. தனியாக உட்கார்ந்து அதைச் செய்யக் கூடாது என்று மட்டும் புரிந்தது. ஒரு சனிக்கிழமை மாலை டீ போட்டு, கணவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, அரசாங்க இணையச் சேவைகளுக்கான சிங்பாஸ் கணக்கில் நுழைந்து முடித்தேன். டீ ஆறுவதற்குள் என் பகுதி முடிந்துவிட்டது. இரண்டு சாட்சிகள் வேண்டும். ஒருவர் ஏழாம் மாடி அக்கா.