காலையில் மட்டும் மக்கர் செய்யும் மாருதி

கேள்வி: என்னிடம் 1994 மாடல் மாருதி 800 இருக்கிறது. ஊட்டி குளிரில், சில நாள் ஓட்டாமல் விட்டால் லேசில் ஸ்டார்ட் ஆவதில்லை. சூடானபின் பிரச்சினையே இல்லை. கார்புரேட்டரை மாற்றிவிடலாமா?

பதில்: வேண்டாம். முதலில் சோக்கை, அதாவது குளிரில் ஸ்டார்ட் செய்யக் காற்றைக் குறைக்கும் அமைப்பைப் பாருங்கள். ஏர் ஃபில்டரைக் கழற்றி, ஒருவரை சோக் குமிழை முழுதாக இழுக்கச் சொல்லுங்கள். கார்புரேட்டர் வாயில் உள்ள தகடு இடைவெளியின்றி மூட வேண்டும். பாதியில் நின்றால் கேபிள் ஸ்க்ரூ நழுவியிருக்கும். குளிரில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது. காற்றைக் குறைத்தால்தான் தீப்பற்றும் அளவுக்குக் கலவை கிடைக்கும்.

தகடு சரியா? சோக்கைத் திறந்துவிட்டு, இன்ஜின் ஓடாதபோதே ஆக்ஸிலரேட்டரை ஒருமுறை அழுத்தி உள்ளே பாருங்கள். பெட்ரோல் பீய்ச்ச வேண்டும். பீய்ச்சாவிட்டால் பெரும்பாலும் கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் அறை வற்றியிருக்கும். பத்து விநாடி செல்ஃப் அடித்துவிட்டு மறுபடி பாருங்கள். அப்போது வந்தால் கார்புரேட்டர் மேல் குற்றமில்லை. வராவிட்டால் பெட்ரோல் பம்ப்பின் டயஃப்ரம் (சவ்வு), விரிசல் விட்ட ரப்பர் குழாய் இரண்டையும் சோதியுங்கள். (பக்கத்தில் யாரும் பீடி பற்றவைக்கக் கூடாது!)

அடுத்தது ஸ்பார்க். பிளக் இடைவெளி 0.7 முதல் 0.8 மி.மீ. இருக்கட்டும். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி 9.6 வோல்ட்டுக்குக் கீழே போனால் ஸ்பார்க்கும் சோர்ந்துவிடும்.

பெட்ரோல் வாடை தூக்கலாக அடித்து, பிளக் நனைந்திருந்தால் ஓவர்ஃப்ளோ. சோக்கை உள்ளே தள்ளி, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தபடி ஐந்து விநாடி செல்ஃப் அடியுங்கள். மிதியை விட்டுவிட்டு மிதிக்கக் கூடாது.