கத்தரிக்கோல் பிடிக்கத் தெரியாவிட்டால் வளர்ச்சித் தாமதமா?

கேள்வி: என் மகளுக்கு மூன்று வயது நான்கு மாதம். வேறு நாட்டுக்குக் குடிவந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது. பள்ளியில் சேர்க்கும் முன் வளர்ச்சிப் பரிசோதனை செய்தார்கள். கத்தரிக்கோலால் வெட்டவில்லை, பட்டன் போடவில்லை, கால் மாற்றிப் படி ஏறவில்லை, அதனால் 'இயக்கத் திறனில் தாமதம்' என்று எழுதிவிட்டார்கள். இதுவரை நாங்கள் இருந்த வீட்டில் மாடிப்படியே கிடையாது. கவலைப்பட வேண்டுமா?

மருத்துவர் பதில்: மாடிப்படி கிடையாது என்று எழுதியிருக்கிறீர்களே, பரிசோதித்தவர் முதலில் கேட்டிருக்க வேண்டியது அதைத்தான். செய்யத் தெரியாதது வேறு, செய்து பார்க்க வாய்ப்பே கிடைக்காதது வேறு. மதிப்பெண் தாளில் இரண்டுக்கும் ஒரே பெருக்கல் குறிதான் விழுகிறது.

இந்தச் சோதனைகளில் பல ஏதோ ஓர் ஊர்க் குழந்தைகளை அளந்து உருவானவை. உலகெங்கும் பரவிய டென்வர் சோதனை 1967-இல் வந்தது. பெயரே சொல்கிறது, அமெரிக்காவின் டென்வர் நகரக் குழந்தைகளை வைத்துச் செய்தது. கென்யாவின் கிப்சிகிஸ் மக்களிடம் 1970-களில் ஆய்வு செய்தவர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். அங்கே குழந்தைக்கு உட்காரவும் நடக்கவும் பெரியவர்கள் வேண்டுமென்றே பழக்குவார்கள். அந்தக் குழந்தைகள் அமெரிக்கக் குழந்தைகளைவிடச் சில வாரம் முன்னதாகவே உட்கார்ந்தார்கள், நடந்தார்கள். யாரும் பழக்காத தவழ்தலில் மட்டும் அந்த முந்தல் இல்லை. உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட ஐந்து நாட்டுக் குழந்தைகளைப் பார்த்து 2006-இல் வெளியிட்ட அளவிலும், தானாக நடப்பதற்கான காலம் ஏறக்குறைய 8 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை நீள்கிறது.

என்னிடம் வந்த ஒரு பையன் கத்தரிக்கோலை இரண்டு கையாலும் பிடித்து, கதவைத் திறப்பதுபோல விரித்துப் பார்த்தான். சோதனைப்படி தோல்வி. அவன் அம்மாவிடம் நான் பேசிக்கொண்டிருந்தபோது, என் பேனாவைத் திருகிக் கழற்றி ஸ்பிரிங்கைத் தனியே எடுத்து வைத்திருந்தான். அந்த விரல்களுக்கு என்ன குறை?

சரி, நீங்கள் செய்ய வேண்டியது: முனை மழுங்கிய குழந்தைக் கத்தரிக்கோலும் பெரிய பட்டன் வைத்த சட்டையும் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து தினமும் கொஞ்ச நேரம் விளையாட விடுங்கள். படியில் கைப்பிடித்து ஏற்றுங்கள். நான்கைந்து வாரத்தில் கை எவ்வளவு பழகுகிறது என்று பாருங்கள். முதல் நாள் மதிப்பெண்ணைவிட அதைத்தான் நான் நம்புவேன்.

அதற்காக எல்லாவற்றையும் 'பழக்கமில்லை' என்று தள்ளிவிடவும் கூடாது. ஒரு கையை மட்டுமே பயன்படுத்துகிறாள், அடிக்கடி விழுகிறாள், தரையிலிருந்து எழும்போது தொடையில் கை ஊன்றி ஊன்றித்தான் நிமிர்கிறாள், கை கால் விறைப்பாகவோ துவண்டோ இருக்கிறது, முன்பு செய்ததை இப்போது செய்வதில்லை: இவற்றில் ஒன்று இருந்தாலும் இந்த நான்கைந்து வாரம் காத்திருக்க வேண்டாம், உடனே குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டுங்கள். எந்த நாட்டுக் குழந்தைக்கும் இவை பொருந்தும். பழக்கிய பிறகும் விரல்கள் தடுமாறினால் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளுக்கான கைத்திறனைப் பழக்கும் சிகிச்சையாளர்) பார்ப்பது நல்லது.

அப்புறம், அந்த அறிக்கை முதல்கட்டச் சல்லடைதான், நோய் இருக்கிறது என்ற முடிவு அல்ல. மறு பரிசோதனை கேளுங்கள். அவளுக்குப் புரியும் மொழியில் சொல்ல ஆள் இருக்க வேண்டும், நீங்களும் அறைக்குள் இருக்க வேண்டும். 'கால் மாற்றி ஏறு' என்பது புரியாமலே அவள் நின்றிருக்கலாம்.