அஸ்டெக் இளவரசனைப் படைத்தலைவன் ஆக்கலாமா?

கேள்வி: ஸ்பானியர் வருவதற்கு முந்தைய அஸ்டெக் தலைநகரான டெனோச்டிட்லானை (இன்றைய மெக்சிகோ நகரம்) வைத்துச் சித்திரக்கதை எழுதுகிறேன். மன்னர் மகனுக்குப் பட்டம் கட்டி, அவனையே படைத்தலைவனாகவும் ஆக்குகிறார். அவனுடைய ஏழை நண்பனும் உயர் பதவிக்கு வருகிறான். இது பொருந்துமா? உடை எப்படி வரைவது?

பதில்: பொருந்தும், ஆனால் வரிசையை மாற்றுங்கள். அங்கே மன்னருக்கு ட்லாடோவானி என்று பெயர். 'பேசுபவர்' என்று பொருள். அரச குடும்பத்துக்குள் பெரியவர்கள் கூடித் தேர்ந்தெடுப்பார்கள். மகனுக்குத்தான் என்று விதி இல்லை. ஆஷாயாகாட்ல், டிசோக், ஆவிட்சோட்ல் மூவரும் உடன்பிறந்தவர்கள். 1469 முதல் 1502 வரை அடுத்தடுத்து ஆண்டார்கள். ஆவிட்சோட்ல் இறந்ததும் அரியணை ஆஷாயாகாட்லின் மகனான இரண்டாம் மொக்டெசுமாவுக்குப் போனது. ட்லாகாடெக்காட்ல், ட்லாகோச்கால்காட்ல் என்ற இரண்டு தலைமைத் தளபதிப் பதவிகளில் ஒன்றை வகித்தவரே பெரும்பாலும் மன்னரானார். ஆகவே உங்கள் இளவரசன் முதலில் தளபதியாகட்டும், பட்டம் அப்புறம்.

அதற்கும் முன்னால் அவனுடைய முடியைக் கவனியுங்கள். பத்து வயதில் பையனின் பிடரியில் ஒரு குடுமி வளர்க்க விடுவார்கள். போரில் ஒரு கைதியைப் பிடித்தால்தான் அதை வெட்டலாம். வயது ஏறியும் குடுமி தொங்கினால் ஊரே கேலி செய்யும். பிரபு வீட்டுப் பிள்ளைக்கும் இதில் சலுகை கிடையாது. ஒரு படக்கட்டத்தில் இந்தக் குடுமியை மட்டும் பெரிதாக வரையுங்கள், வசனமே வேண்டாம்.

உடைக்கு, அஸ்டெக் வாழ்க்கையைப் படங்களாகக் காட்டும் பழைய மெண்டோசா சுவடியைப் பாருங்கள். வீரன் கைதியின் முடியைப் பிடித்து நிற்பான். கைதிகள் கூடக் கூட அவன் உடை மாறும். இரண்டு பேரைப் பிடித்தவனுக்குக் கூம்புத் தொப்பி, மூன்றுக்கு முதுகில் பட்டாம்பூச்சிச் சின்னம், நான்குக்கு ஜாகுவார் உடை. குதிரையும் இரும்பு வாளும் எங்குமே வேண்டாம். மரக்கட்டையின் இரு ஓரங்களிலும் எரிமலைக் கண்ணாடிச் சில்லுகள் பதித்ததுதான் அவர்கள் வாள்.

நண்பன் விஷயத்தில் காலம் முக்கியம். எளிய குடியில் பிறந்தவன் போர்த்திறத்தால் 'கழுகுப் பிரபு' ஆகலாம். பிரபுக்களுக்கே உரிய பருத்தி மேலாடையும் அணியலாம். ஆவிட்சோட்ல் இப்படிப்பட்டவர்களுக்குப் பதவி கொடுத்திருந்தார். மொக்டெசுமா வந்ததும் அவர்களை நீக்கிவிட்டுப் பிரபு குலத்தவரை அமர்த்தினார் என்று பழைய வரலாற்றுக் குறிப்புகள் சொல்கின்றன. கதையை 1490-களில் தொடங்கி 1502-ஐத் தாண்டிக் கொண்டுபோனால், நண்பன் அந்த மேலாடையை இழக்கும் காட்சி உங்களுக்குத் தானாகவே கிடைத்துவிடும்.