சரியான இடம் எது என்று தெரியாமல் எருசலேமுக்குப் போய் என்ன பயன்?

கேள்வி: புனித நாட்டில் காட்டப்படும் பல இடங்களுக்கு உறுதியான ஆதாரம் இல்லை என்கிறார்கள். அப்படியிருக்க, அங்கே போய் வந்தவர்களின் விசுவாசத்துக்கு அதனால் என்ன கிடைத்தது?

சந்தேகம் நியாயமானதுதான். இயேசுவின் கல்லறை என்றே எருசலேமில் இரண்டு இடங்களைக் காட்டுகிறார்கள். பழைய நகரத்துக்குள் இருக்கும் கல்லறை ஆலயம் 4ஆம் நூற்றாண்டில், ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் காலத்தில் எழுந்தது. மதிலுக்கு வெளியே இருக்கும் தோட்டக் கல்லறை, 1883இல் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி ஜெனரல் கார்டன் அங்கே வந்தபின் பிரபலமானது. சீர்திருத்த சபைக்காரர்களுக்குத் தோட்டக் கல்லறை பிடிக்கும். அமைதியாக உட்கார்ந்து பாடலாம், திருவிருந்து எடுக்கலாம். ஆனால் அந்தக் குகை இயேசுவுக்குப் பல நூற்றாண்டு முன்பே வெட்டப்பட்டது என்பது தொல்லியலாளர் பலருடைய முடிவு. சுவிசேஷமோ, ஒருவரும் வைக்கப்படாத புதிய கல்லறை என்கிறது. அதனால் கூட்டமும் நெரிசலுமாக இருந்தாலும் கல்லறை ஆலயத்தின் பக்கமே ஆதாரம் பலமாக இருப்பதாக நினைக்கிறேன்.

ஆனால் என் விசுவாசத்தைத் தொட்டது இந்த இரண்டு இடங்களும் இல்லை. அந்த நாட்டின் தூரங்களும் மேடுபள்ளங்களும்தான். ஆலயத்தை எங்கே வேண்டுமானாலும் கட்டலாம், பள்ளத்தாக்கை யாரும் இடம் மாற்றி வைக்க முடியாது.

இயேசு பிடிபட்ட தோட்டமான கெத்செமனேயைச் சொல்கிறேன். அங்கே வேலிக்குள் எட்டுப் பழைய ஒலிவ மரங்கள் நிற்கின்றன. இவை இயேசுவைப் பார்த்த மரங்கள் என்று சொல்கிறவர்கள் உண்டு. 2012இல் வெளியான ஆய்வில், வயதைக் கணிக்க முடிந்த மூன்று மரங்களின் அடித்தண்டு 11, 12ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தது என்று தெரிந்தது. சரி, மரங்களை விடுங்கள். அங்கே நின்று மேற்கே பாருங்கள். நடுவில் கெதரோன் பள்ளத்தாக்கு, அதற்கு அந்தப் பக்கம் எருசலேமின் மதில். அது பஸ்கா சமயம்; முழுநிலவை ஒட்டி வரும் யூதப் பண்டிகை, அதனால் நிலா வெளிச்சமும் இருந்திருக்கும். அவரைப் பிடிக்க யூதாஸோடு வந்தவர்கள் பந்தங்களும் தீவட்டிகளும் பிடித்து வந்தார்கள் என்று யோவான் எழுதுகிறார். நகரத்திலிருந்து அந்த வெளிச்சம் சரிவில் இறங்கி, பள்ளத்தைக் கடந்து ஏறி வருவதைத் தோட்டத்திலிருந்து பார்த்திருக்க முடியும்.

இப்போது பின்னால் திரும்பினால் ஒலிவ மலை. மேலே ஏறி அந்தப் பக்கம் இறங்கினால் பெத்தானியா, அதைத் தாண்டினால் யூதேயா வனாந்தரம். தனக்கு எதிராக எழும்பிய மகன் அப்சலோமுக்குப் பயந்து தாவீது ராஜா ஓடியது இதே வழிதான்: கெதரோனைக் கடந்து, வெறுங்காலோடு அழுதுகொண்டே ஒலிவ மலை ஏறிப் போனார். தாவீதின் குமாரன் என்று அழைக்கப்பட்ட இயேசுவுக்கும் அதே வழி திறந்துதான் இருந்தது, நேரமும் இருந்தது. அவர் போகவில்லை. வருகிற வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே அங்கேயே இருந்திருக்கிறார். சிறுவயதிலிருந்து ஒவ்வொரு பெரிய வியாழனும் கேட்ட பகுதி இது. அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்றே மனதில் பதிந்திருந்தது. அங்கே நின்றபோதுதான், ஒவ்வொரு நிமிடமும் அவர் ‘போக மாட்டேன்’ என்று தீர்மானித்துக்கொண்டே இருந்திருக்க வேண்டும் என்று உறைத்தது. என்னால் ஜெபிக்கக்கூட முடியவில்லை.

நல்ல சமாரியன் உவமையில் வரும் எரிகோ சாலையும் அப்படித்தான். கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 750 மீட்டரில் இருக்கிறது எருசலேம், கடல்மட்டத்துக்குக் கீழே சுமார் 250 மீட்டரில் எரிகோ. நடுவே நிழலில்லாத மொட்டைக் குன்றுகள். கள்ளர்கள் அடித்துப்போட்டவனுக்கு உதவ அந்தச் சமாரியன் அங்கே நின்றது எவ்வளவு ஆபத்தான காரியம் என்று பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தாலே தெரியும்.

வடக்கே கலிலேயாவில் எல்லாமே பக்கத்தில் பக்கத்தில். கப்பர்நகூமில் பேதுருவின் வீடு என்று காட்டும் இடத்துக்கும் ஜெப ஆலயத்துக்கும் நடுவே சில எட்டுதான். 1986இல் வறட்சியால் கலிலேயா ஏரியில் தண்ணீர் வற்றியபோது சேற்றிலிருந்து கிடைத்த இயேசு காலத்துப் படகு ஒன்று ஏரிக்கரையில் உள்ள கினோசாரில் இருக்கிறது. நீளம் சுமார் 8 மீட்டர். அதைப் பார்த்தால் புயலில் சீஷர்கள் ஏன் அலறினார்கள் என்று கேட்கத் தோன்றாது.

ஒலிவ மலையில் பரமண்டல ஜெபத்தை நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளில் ஓடுகளில் பதித்த ஆலயம் உண்டு. அங்கே தமிழ் ஓட்டுக்கு முன்னால் நின்று சேர்ந்து ஜெபியுங்கள், யாராவது ஒருவருக்காவது குரல் உடையும்.

ஒன்று மட்டும் வருத்தம். பல குழுக்கள் பெத்லகேமுக்குள் நுழைந்து, பிறப்பின் ஆலயத்தின் குட்டை வாசலில் குனிந்து, இயேசு பிறந்த இடம் என்று பதித்திருக்கும் நட்சத்திரத்தைத் தொட்டு, மதியமே திரும்பிவிடுகின்றன. அங்கே தலைமுறை தலைமுறையாக வாழும் பாலஸ்தீனக் கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள். சோதனைச் சாவடிக்கும் தடுப்புச் சுவருக்கும் பின்னால் அவர்களுடைய வாழ்க்கை ஓடுகிறது. நீங்கள் போனால் அங்கே ஓர் இரவாவது தங்குங்கள். ஞாயிறாக இருந்தால் அவர்களுடைய அரபு ஆராதனையில் போய் உட்காருங்கள். ஒலிவ மரச் சிற்பங்களை அவர்களிடமே வாங்குங்கள். பயணத்திட்டத்தில் இது இல்லையென்றால், பணம் கட்டும் முன்பே ஏற்பாட்டாளரிடம் கேட்டுச் சேர்த்துவிடுங்கள்.